தேன் பாறை

“டவர் இல்ல பாப்பா…” என்பது வரைக்கும் கேட்கும். அதற்கப்புறம் அண்ணன் சொன்னதெல்லாம் காற்றோடு போய்விடும். ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் கடைத்தெருவில் பஸ் திரும்புகிற இடத்தில் நின்றால் இரண்டு பாயிண்ட் காட்டும். மலை முதுகைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினால் சாமைக் கொல்லைகளுக்கு நடுவே அவர் ஊர். அங்கே அப்போதெல்லாம் ஒன்றும் காட்டாது. அந்த ஊரில் போன் என்பது டார்ச் லைட், பாட்டுப் பெட்டி, மணி பார்க்கிற சாமான். பேச வேண்டுமென்றால் தேன் பாறைக்கு ஏற வேண்டியிருந்தது.

இரும்புச் சட்டத்துக்கும் டவர் என்கிறோம், போனுக்குள் வந்து சேருகிற சிக்னலுக்கும் டவர் என்கிறோம். 2013ல், “டவர் வேணாம்” என்று வேலூரில் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தவள் நான். அதே நாட்களில் பாறை மேலிருந்து “டவர் இல்ல” என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரே சொல் இரண்டு வாயிலும் இருந்தது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

அம்மா 1981ல் ஜவ்வாது மலையில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளிக்கு டீச்சராகப் போனார். எனக்கு ஆறு வயது. அப்பாவுக்குக் கீழே திருப்பத்தூரில் வேலை. எல்லாம் ஒரே வட ஆற்காடு மாவட்டமாக இருந்த காலம். திருவண்ணாமலை தனி மாவட்டமானது 1989ல்தான். அம்மாவுக்குப் பள்ளியில் வேலை முடிகிற வரை என்னைப் பார்த்துக்கொண்டது பக்கத்து ஊர் ஆயா. ஆயாவின் கடைசி மகன்தான் அண்ணன். அப்போது அவருக்கு இருபது வயதுக்குள் இருக்கும். என்னைப் பாப்பா என்று கூப்பிட ஆரம்பித்தவர், எனக்கு ஐம்பது ஆன பிறகும் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

அவர்தான் என்னைத் தேன் பாறைக்குக் கூட்டிப்போனார். மேலே சமதளமாக, ஒரு வீட்டு வாசல் அகலத்துக்கு இருக்கும். கீழ்ப்பக்கம் குடைந்தாற்போல் உள்வாங்கி, அதில் மலைத்தேன் அடைகள் வரிசையாகத் தொங்கும். பொந்துத்தேன், கொம்புத்தேன், கொசுத்தேன் எல்லாம் சின்னப் பிள்ளைகளும் எடுப்பார்கள். மலைத்தேன் அப்படி அல்ல. அமாவாசையை ஒட்டிய இருட்டில், புகை போட்டு, கயிற்றில் இறங்கி எடுக்க வேண்டும். பகலில் போய் அடைகளை எண்ணிவிட்டு வருவதுதான் எங்கள் வேலை. எதிர்ச்சரிவில் புதர் மறைவில் உட்கார்ந்து, விரல் நீட்டாமல், கண்ணாலேயே எண்ண வேண்டும். விரல் நீட்டினால் ஈக்கு ரோஷம் வரும் என்பார். நான் எண்ணிய முதல் வருடம் பதினான்கு.

அந்த ஈக்கள் ஒவ்வொரு வருடமும் அதே பாறைக்குத்தான் வரும். மழைக்கு எங்கோ போய்விட்டு, பூ பூக்கிற காலத்தில் திரும்ப வரும். மலைத்தேனீயின் குணமே அது. வருடம் மாறும், இடம் மாறாது.

வேலூர் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டு மலைக்குப் போய்விட்டேன். எங்கள் தெரு அகலமில்லாத தெரு. ஒரு வீட்டு மாடியில் வடகம் காய வைத்தால் எதிர் மாடிக் காக்கை வந்து தின்றுவிட்டுப் போகும். ஒருநாள் காலையில் எதிர் வீட்டு மொட்டை மாடியில் நான்கு பேர் கம்பி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர்த் தொட்டிக்கு ஸ்டாண்ட் என்று நினைத்தோம். மூன்றாம் நாள் மேலே ஆன்டெனாக்கள் வந்தன. வாசலை அடைத்துக்கொண்டு ஒரு டீசல் ஜெனரேட்டர் வந்தது. கரண்ட் போகிற போதெல்லாம் அது உறும, எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி சேர்ந்து நடுங்கும். 2013 மின்வெட்டு எப்படி இருந்தது என்பதைத் தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அந்த வீடோ முப்பது வருடத்துக் கட்டடம். அதன் தளம் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று பக்கத்து வீட்டுக்காரர் இரவில் தூங்காமல் இருந்தார். ஏனென்றால் விழுந்தால் அவர் வீட்டு மேல்தான் விழும்.

யாரும் எங்களைக் கேட்கவில்லை. அதுதான் எல்லோருக்கும் முதலில் வலித்தது. தெருவில் துக்கம் நடந்தால்கூட பந்தல் போடுவதற்கு முன் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்வோம்.

அரசு அலுவலகம் ஒன்றின் வாசலில் வேப்பமரத்தடியில் மனு எழுதிக்கொடுக்கிற பெரியவர் இருந்தார். ஜெனரேட்டர் சத்தம், புகை, தளத்தின் பாரம், கேட்காமல் வைத்தது என்று வரிசையாகச் சொன்னோம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, “இதெல்லாம் எழுதினா ஓரமா வச்சிடுவாங்கம்மா. கேன்சர்னு எழுதுங்க. குழந்தைங்க, கர்ப்பிணிங்கன்னு எழுதுங்க. குருவி காணாமப் போச்சுன்னு ஒரு வரி சேத்துக்குங்க” என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எத்தனையோ வருட மனுக்களைப் பார்த்தவர் சொன்ன வழி அது.

அப்படியே எழுதினோம். எழுதியது என் கை. கதிர்வீச்சால் புற்றுநோய் வருகிறது, சிட்டுக்குருவி அழிகிறது, தேனீக்கள் கூட்டை விட்டு ஓடுகின்றன. தேனீ வரியை யாரும் சொல்லித் தரவில்லை. மலையில் வளர்ந்தவள் என்ற உரிமையில் நானே சேர்த்தேன். எழுதிய வேகத்தில் நானே அதை நம்பவும் நம்பினேன்.

நம்புவதற்கு அன்றைக்குக் காரணங்களும் இருந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011 மே மாதத்தில் இந்த ரேடியோ அலைகளைப் ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்கிற 2பி வரிசையில் வைத்திருந்தது. அந்த வரிசையின் பொருள் ‘உண்டாக்குகிறது’ என்பது அல்ல, ‘ஆதாரம் கொஞ்சம் உண்டு, உறுதியாகச் சொல்லப் போதாது’ என்பதற்குப் பக்கத்தில் வருவது. அந்த வித்தியாசத்தைத் துண்டறிக்கையில் அச்சடிக்க எங்களுக்கு மனம் வரவில்லை. 2012 செப்டம்பர் 1 முதல் இந்தியா தன் டவர்களுக்கான வரம்பைச் சர்வதேச அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்திருந்தது. 900 மெகாஹெர்ட்ஸில் சதுர மீட்டருக்கு 4.5 வாட்டாக இருந்தது 0.45 ஆனது. ஆபத்து இல்லையென்றால் ஏன் குறைத்தார்கள் என்று நாங்கள் கேட்டோம். அதே வருடம் நவம்பரில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் பள்ளி, மருத்துவமனை, விளையாட்டுத் திடல்களுக்குப் பக்கத்தில் இருக்கிற டவர்களை அகற்றச் சொல்லியிருந்தது. அந்தச் செய்தியை ஜெராக்ஸ் எடுத்து வீட்டுக்கு வீடு கொடுத்தேன். கேரள உயர் நீதிமன்றம் 2006லேயே, கெடுதல் என்பதற்கு நிரூபணம் இல்லாமல் தடுக்க முடியாது என்கிற பக்கம் நின்றிருந்தது. அதை யாரும் ஜெராக்ஸ் எடுக்கவில்லை.

2013 ஜூலை நடுவில்தான் தந்தி சேவையை நிறுத்தினார்கள். கடைசி நாளில் தந்தி ஆபீஸில் கூட்டம் என்று டிவியில் காட்டினார்கள். எனக்குத் தாத்தா இறந்தது ஞாபகம் வந்தது. ஆரணியிலிருந்து தந்தி கொடுத்தார்கள். தந்தி போளூர் வரைக்கும் கம்பியில் வந்தது. மலைக்கு நடந்து வந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்த போது பால் தெளித்து முடித்திருந்தார்கள். அம்மா யாரையும் குறை சொல்லவில்லை. அதற்குப் பிறகு, தபால்காரர் வருகிற ஒற்றையடிப் பாதையைப் பார்த்தபடிதான் எப்போதும் உட்காருவார்.

மலையில் சேதி சொல்ல எங்களுக்கு ஒரு வழி இருந்தது, கூவல். இந்தச் சரிவில் நின்று ஆயா ஒரு நீளக் கூவல் போட்டால் எதிர்ச்சரிவில் மாடு மேய்க்கிற அண்ணன் திரும்பக் கூவுவார். சோறு ஆறுகிறது என்பதற்கு ஒரு மாதிரி, ஆள் வந்திருக்கிறார்கள் என்பதற்கு வேறு மாதிரி. ‘கூப்பிடு தூரம்’ என்று தமிழில் தூரத்துக்கு ஓர் அளவே இருக்கிறதல்லவா, அந்த அளவைக் காதால் தெரிந்துகொண்டு வளர்ந்தவள் நான்.

அந்தச் சொல் எனக்குத் திரும்பக் கிடைத்தது வேலூர் மாடியில். மனு எங்கெங்கோ சுற்றிவிட்டு, அடுத்த வருடம் அளவெடுக்க ஓர் இளைஞர் வந்தார். கையில் உருண்டைத் தலை வைத்த கருவி. ஒவ்வொரு மாடியாக ஏறி அளந்தார். எல்லாம் வரம்புக்கு வெகு கீழே என்றார். நாங்கள் நம்பவில்லை. அவர் கோபப்படாமல் எங்கள் மாடிக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். ஆன்டெனா கலங்கரை விளக்கம் மாதிரி, நேரே எதிரில் பாய்ச்சும், காலடியில் மிகக் கொஞ்சம்தான் விழும். தூரம் இரண்டு மடங்கானால் வலு நான்கில் ஒன்றாகும். “உங்க கையில இருக்கிற போனும் ஒரு டவர்தாங்க மேடம். பெரிய டவர் பக்கத்துல இருந்தா போன் மெதுவாப் பேசும். தூரத்துல இருந்தா கத்தும். கத்தறது உங்க காதுகிட்ட.”

கூப்பிடு தூரம் என்று நான் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, ஆமாங்க, அதேதான் என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தேன் பாறை மேல் ஒற்றைப் பாயிண்ட்டுக்கு நின்றுகொண்டு, எதிர் மலைக்குக் கூவுகிற மாதிரி கூவுகிற அண்ணனின் போனும், அதை ஒட்டியிருக்கிற அவர் காதும் கண்ணில் வந்தன.

வைப்பதற்கு முன்னால் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று கடைசியாகக் கேட்டேன். “அதை அளக்க என்கிட்ட மெஷின் இல்லீங்களே” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். எங்கள் வழக்கின் மொத்தமும் அந்தப் பதிலில் இருந்தது. எங்களுக்கு உண்மையில் நடந்ததை அளக்கக் கருவி இல்லை. அளக்க முடிந்ததைத்தான் நாங்கள் மனுவில் எழுதினோம், அதில் எங்கள் பக்கம் நிற்கவில்லை.

எதிர் வீட்டு சாரைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்லிவிட முடியாது. ஓய்வு பெற்றவர். மனைவிக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். மாடி வாடகை அதற்குத்தான் போகிறது என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் பேச்சை நிறுத்தினோம். பால் வாங்க வருகிற இடத்தில் அவர் நின்றால் மற்றவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். அவர் மனைவி இறந்தபோது போனோம். போய் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தோம். யாரும் டவர் என்ற சொல்லை எடுக்கவில்லை. அந்தக் கூடத்தில் தலைக்கு மேலே அது நின்றுகொண்டுதான் இருந்தது.

2017ல் உச்ச நீதிமன்றம் குவாலியரில் ஒரு பி.எஸ்.என்.எல். டவரை நிறுத்தச் சொன்ன செய்தி வந்தது. வழக்குப் போட்டவர் வீட்டு வேலை செய்கிறவர். ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற புற்றுநோய்க்கு அந்த டவர்தான் காரணம் என்றார். தெரு மறுபடி விழித்துக்கொண்டது. நான் மட்டும் முன்பு போல் ஜெராக்ஸ் கடைக்கு ஓடவில்லை. அந்த மனிதரின் துன்பம் உண்மை. அதற்குக் காரணம் எது என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை என்று முதல் தடவையாகத் தோன்றியது. அடுத்த வருடம் ‘2.0’ படம் வந்தது. பறவைகளுக்காக மனம் உடைந்து டவரில் தூக்குப் போட்டுக்கொள்கிற மனிதரைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள், நம்ம தெரு டவரும் அப்படித்தானா என்று கேட்டார்கள். அதற்குள் எங்கள் டவர் கழற்றப்பட்டிருந்தது. நாங்கள் ஜெயித்ததால் அல்ல. அந்த போன் கம்பெனியே கடையை மூடியது.

மூடிய வாரத்தில் தெருவில் பாதிப் பேருக்கு போன் செத்துவிட்டது. வேறு கம்பெனிக்கு மாற வரிசையில் நின்றார்கள். மாறிய பிறகும் கீழ் வீடுகளில் சரியாகக் கேட்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் எதிர் வீட்டு சார் எங்கள் கதவைத் தட்டினார். ஐந்து வருடம் கழித்து முதல் தடவை. “உங்க மாடியில கொஞ்சம் நல்லாக் கேக்குதுன்னாங்க. பையன் வெளிநாட்டுலேர்ந்து பேசுவான். அஞ்சு நிமிஷம்.” மாடிக்குக் கூட்டிப்போனேன். நாற்காலி போட்டேன். அவர் உட்காரவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, “டவர் இல்லப்பா, கேக்குதா, கேக்குதா” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எதிரே அவர் மாடியில் நான்கு கம்பித் துண்டுகள் துரு ஏறி நின்றன. நான் கீழே இறங்கி வந்து அழுதேன்.

2020 ஜூனுக்குப் பிறகு பள்ளிக்கூடம் போனுக்குள் போனது. அண்ணனின் பேரன் அப்போது பத்தாம் வகுப்பு. தேன் பாறைக்கு டவர் பாறை என்று பேர் மாறிவிட்டிருந்தது. மேலே பிள்ளைகள் குடை பிடித்துக்கொண்டு பாடம் கேட்டார்கள், கீழே அடைகள் தொங்கின. சத்தம் போடக் கூடாது, வாசனை எண்ணெய் தடவி வரக் கூடாது என்று அண்ணன் சட்டம் போட்டிருந்தார். மழை வந்தால் பாடம் நின்றுவிடும்.

அந்த வருடம் நான் இரண்டாவது மனுவை எழுதினேன். இம்முறை டவர் வேண்டும் என்று. வேப்பமரத்தடிப் பெரியவர் இல்லாமலேயே என்ன எழுத வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. பாம்புக்கடி, பிரசவ வலி, 108 ஆம்புலன்ஸ், ஆன்லைன் வகுப்பு. ஒன்றும் பொய் இல்லை. பின்னால், 2023 மே மாதத்தில் இதே மலைத்தொடரின் வேலூர்ப் பக்கம், அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை ஆஸ்பத்திரி போவதற்குள் இறந்ததையும், பாதை இல்லாமல் ஆம்புலன்ஸ் பாதியில் இறக்கிவிட, பெற்ற தாய் உடலைத் தூக்கிக்கொண்டு நடந்ததையும் தமிழ்நாடே பார்த்தது. மலையில் கேட்டு வாங்க வேண்டியவை எத்தனையோ. டவர் அதில் ஒன்று, சாலைக்கு அடுத்தது.

மனுவைப் படித்துக் காட்டியபோது அண்ணன் தலையாட்டிக் கேட்டார். முடிந்ததும், “எல்லாம் சரி பாப்பா. பொண்ணு திருப்பூர்ல பனியன் கம்பெனியில கீறா. ராத்திரி எட்டு மணிக்கு ஷிப்ட் வுட்டு வரும். அந்நேரத்துக்கு இருட்டுல பாறை ஏற முடியல. அத எழுதலியே” என்றார். எழுதினால் ஓரமாக வைத்துவிடுவார்கள் அண்ணே என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. கடைசி வரியாக அதையும் எழுதினேன். அவர் சொன்னபடியே எழுதினேன்.

அண்ணன் ஊரிலிருந்து காவலூர் பக்கம்தான். 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி வந்து, வானியலாளர் வைணு பாப்புவின் பேரை அங்கிருந்த வானாய்வகத்துக்கும் அதன் பெரிய தொலைநோக்கிக்கும் வைத்த பிறகு, அம்மா எங்களைக் கூட்டிப்போய்க் காட்டினார். 2.3 மீட்டர் கண்ணாடி. இந்த மலையைத் தேர்ந்தெடுத்ததே இங்கே இருட்டு சுத்தமாக இருப்பதால்தான் என்று அங்கிருந்தவர் சொன்னார். பதினொரு வயதில் எனக்கு அது பெருமையாக இருந்தது. எங்கள் இருட்டை யாரோ வேண்டும் என்று தேடி வந்திருக்கிறார்கள். அந்த இருட்டில்தான் அண்ணன் எட்டு மணிக்குப் பாறை ஏற முடியாமல் நின்றார்.

2022 ஜூலையில் மத்திய அரசு, சிக்னல் எட்டாத 24,680 கிராமங்களுக்கு 26,316 கோடி ரூபாயில் 4ஜி என்று ஒப்புதல் கொடுத்தது. எங்கள் மனு அதில் எந்த மூலையில் சேர்ந்ததோ, சேரவே இல்லையோ. 2024ல் ஊருக்கு மேலே, பள்ளத்தைப் பார்த்தாற்போல் ஒரு டவர் எழுந்தது. நான் போய்ப் பார்த்தேன். பக்கத்தில் ஜெனரேட்டர் இருக்கிறதா என்றுதான் என் கண் முதலில் தேடியது. சோலார் தகடுகள் இருந்தன.

ராத்திரி சாமைச் சோறும் கொள்ளுக் குழம்பும் போட்டுவிட்டு அண்ணன் மெதுவாகக் கேட்டார். “பாப்பா, நீ படிச்சவ. இது வந்துட்டா ஈ போய்டுமாமே. நெசமா?”

பதினொரு வருடத்துக்கு முன் அதை உறுதியாக எழுதிக் கையெழுத்து போட்டவள் அவர் எதிரில் உட்கார்ந்திருந்தேன். தேனீ குறைவதற்குப் பூச்சிமருந்து, காடு அழிவது, நோய் என்று கை வைத்துக் காட்டக்கூடிய காரணங்கள் இருக்கின்றன, டவரைப் பற்றி அப்படி உறுதியாக எதுவும் இல்லை என்று சொன்னேன். சுற்றுச்சூழல் அமைச்சகம் 2012ல், பறவைகளையும் தேனீக்களையும் உத்தேசித்து, ஒரு டவர் இருக்கிற இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இன்னொன்று வேண்டாம் என்று அறிவுரை சொன்னதையும் சேர்த்தே சொன்னேன். பிறகு வேலூர் மனுவைப் பற்றிச் சொன்னேன். போகும் என்று எழுதினேன் அண்ணே, தெரிந்து எழுதவில்லை.

அவர் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பில் கட்டையைத் தள்ளினார். “அதுக்கின்னா. எண்ணிப் பாத்தா தெரிஞ்சிட்டுப் போவுது” என்றார்.

டவர் வருவதற்கு முந்தைய பருவத்தில் பதினொன்று. வந்த பருவத்தில் பதினொன்று. அவர் மனக்கணக்காக வைத்திருந்த பழைய வருடங்களையும் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நான் எண்ணிய பதினான்கில்தான் அது ஆரம்பிக்கிறது. போன் வருவதற்கு வெகு முன்னால் ஒரு பஞ்ச காலத்தில் மூன்றுகூட இருக்கிறது.

இப்போது வீட்டுக்குள்ளேயே நான்கு பாயிண்ட் காட்டுகிறது. ஆனாலும் அண்ணன் மகளோடு பேசப் பாறைக்குத்தான் போகிறார், ஞாயிறு பகலில். வீட்டில் பேசினால் மருமகள், பேரன், வந்தவர் போனவர் எல்லோரும் கேட்கிறார்களாம். திருப்பூர் மகள் அழுதால் அவருக்குப் பதில் சொல்லத் தனியிடம் வேண்டியிருக்கிறது. பேசி முடித்த பிறகு சிலசமயம் எனக்கும் ஒரு கால் போடுவார்.

இந்த வருடப் பூக்காலத்தில் அப்படித்தான் போட்டார். குரல் பக்கத்து அறையிலிருந்து வருகிற மாதிரி இருந்தது. பழக்கத்தில் இன்னும் கூவித்தான் பேசுகிறார்.

“எதிர்ச்சரிவுலேர்ந்து பாத்துட்டு வந்தேன் பாப்பா. ஒம்போது. ரெண்டு கம்மி. மழையும் இல்ல பாரு. மேக்கால ஒருத்தன் கொல்லைக்கு மருந்து அடிச்சான். எழுதிக்க.”

“தேதி என்ன அண்ணே?”

சொன்னார். எழுதிக்கொண்டேன். மழை, மருந்து என்று பக்கத்திலேயே எழுதினேன். அவர் போனை வைக்க மறந்துவிட்டுக் கீழே இறங்க ஆரம்பித்திருந்தார். சருகில் அவர் கால் வைக்கிற சத்தம், தூரத்தில் மாட்டு மணி, அதற்கும் அடியில் அந்த ஒன்பது அடைகளின் ரீங்காரமாக இருக்கலாம், இல்லை வெறும் காற்றாகவும் இருக்கலாம், ஏதோ ஒன்று வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.